தைல மணத்துக்கு ஒரு மார்க்

முதல் போத்தலை நான் குசினித் தொட்டிக்குள் ஊற்றினேன்.

இனிக் குடிக்க மாட்டேன் என்று என் கணவர் இங்கே ஜேர்மனியில் கெவலார் கோயில் மாதாவிடம் நேர்த்தி வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் கொண்டு வந்த பைக்குள் மண்ணிறப் போத்தல். தகர மூடி. திறந்து மணந்தேன். தலையிடித் தைலம். குடித்த காலத்தில் மணம் தெரியாமலிருக்க மீசையில் தைலம் பூசிக்கொண்டுதான் படியேறி வருவார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் வந்து வெறும் போத்தலைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"அது வெறிக்கிற சாமான் இல்லை. அமெரிக்கன் சோடா. ரூட் பியர் எண்டு பேர். வேரிலை காய்ச்சுறதாம்."

"அப்ப ஏன் தைலம் மணக்குது?"

"அந்தப் பழைய மணத்துக்குத்தானே வாங்கினனான். இன்னொண்டு வாங்கியாறன். நீரும் குடிச்சுப் பாரும்."

குடித்தேன். இருமல் மருந்துக்குச் சீனி போட்டதுபோல இருந்தது.

சனிக்கிழமைப் பின்நேரம் அவருக்குப் பொல்லாத நேரம். கை எதையாவது தேடும். அதனால் சனிக்கிழமைக்கு ஒரு போத்தல் என்று ஆயிற்று. டுசல்டோர்ஃப் ஸ்டேஷனடிக் கடையில் சில விதம் இருந்தன. மகன் ஹொலண்டிலிருந்து சில கொண்டு வந்தான். இரண்டு கிளாசில் ஊற்றுவார். முதலில் நுரை பார்ப்பார், பிறகு மணம், பிறகுதான் வாய். மார்க் இங்கத்தைய பள்ளிக்கூட முறைப்படி. ஒன்று திறம், ஆறு பெயில். மூடியின் உட்பக்கத்தில் எழுதி மிளகாய்த்தூள் டின்னில் போடுவோம்.

என்னிடம் நல்லதுக்கும் நாலுதான்.

"நீர் டீச்சராய் வந்திருந்தா இந்த நாட்டிலை ஒரு பிள்ளையும் ஒண்டு எடுத்திராது."

"வனிலா கூடிப்போச்சு. தைலம் காணாது. நாலு."

பிறகு என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்துவைத்து ஆம்பிளைகள் நிற்பார்கள். எல்லாக் கலியாணத்திலும் அதுதான் வழக்கம். இவரும் போனார், ஒரு ரூட் பியரைக் கையில் பிடித்துக்கொண்டு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வடைத் தட்டைச் சாட்டாக எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

என் தம்பி விஸ்கிக் கப்பை நீட்டிக்கொண்டு நின்றான்.

"அத்தான், ஒரு சொட்டு. மாதாவுக்கு இண்டைக்கு லீவு."

இவர் கப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் போத்தலை நீட்டினார்.

"முதல் இதைக் குடிச்சு மார்க் போடு, மச்சான்."

தம்பி ஒரு வாய் குடித்துப் புல்லில் துப்பினான். "அத்தான், இது முழங்காலுக்குப் பூசுறது."

"ஆறோ?"

"ஏழு."

எல்லாரும் சிரித்தார்கள். இவர் போத்தலை வாங்கி மிச்சத்தைக் குடித்து முடித்தார். கப் தம்பியின் கையிலேயே நின்றது. நான் வடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

திரும்பி வரும்போது காரில் நான் ஒன்றும் கேட்கவில்லை. முந்தியென்றால் ஊதிக் காட்டச் சொல்லுவேன். அன்று அவராகவே என் பக்கம் திரும்பி ஊதினார்.

"எத்தினை?"

"ஒண்டு," என்றேன்.

சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்து என்னிடம் தந்தார். எழுதினேன்.

இப்போது அவருக்குச் சீனி வருத்தம், இனிப்புச் சோடா கூடாது. சனிக்கிழமைகளில் வெறும் தேத்தண்ணிதான். சில நேரம் டின்னை இறக்கி மூடிகளைப் புரட்டுவார். என் கையெழுத்தில் ஒன்று போட்டது அந்த ஒரு மூடிதான். அதை எடுத்து மணந்து பார்ப்பார்.

"மணம் போயிட்டுது," என்பார்.

"ஓம்," என்பேன். திரும்ப டின்னுக்குள் வைப்பார்.