ஐப்பசி எடை

நேற்று முழுவதும் மழை. பீரோவிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்த மருமகள், அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "இன்னா மாமா, இவ்ளோ கனமா இருக்குது?" என்றாள். "ஈரம் குடிச்சிருக்கும்மா. மழைல பட்டு எடை கூடும்" என்றேன். சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே பதிலை ஒருவனிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அவன் பெயர் கன்னியப்பன். தென்னேரிக்காரன், விவசாயக் குடும்பம். பி.காம். படித்த மூன்று வருடமும் எனக்குப் பக்கத்து இடம். அவன் டிபன் டப்பாவைத் திறந்தால் ஏரி மீன் குழம்பின் வாசனை கடைசி பெஞ்சு வரை போகும். அதில் பாதியைச் சாப்பிட்டவன் நான்.

படிப்பு முடிந்ததும் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் அவனுக்குக் கணக்கர் வேலை தயாராக இருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் பட்டதாரிகள் தேவை என்று கேள்விப்பட்டு, அவனை இழுத்தது நான்தான்.

"தவுட்டுத் தூசில இருமிக்கினே கெடக்கப் போறியா? ஆடிட்டுன்னா ஒரு கௌரவம்டா."

"மில்லுக்காரரு வார்த்த குடுத்துட்டாருடா."

"வார்த்ததான குடுத்தாரு, நாற்காலியா குடுத்தாரு?"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டான்.

ஆபீஸ் என்பது மாடியில் இரண்டு அறைகள். கோந்து, பழைய காகிதம், கீழே ஓட்டலில் வறுபடும் காப்பிக்கொட்டை எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. ஆடிட்டர்கள் பச்சை மையில் எழுதுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, முதல் நாள் புதுப் பேனாவில் பச்சை மை நிரப்பிப் போனேன். மாடி ஏறுவதற்குள் அது கசிந்து என் டெரிலின் சட்டையில் பாதியைப் பச்சையாக்கிவிட்டது. ஆடிட்டர் தென்பாண்டிச் சீமைக்காரர். "கிளி ஒண்ணு வேலைக்கு வந்திருக்கு" என்றார்.

வேலையை ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். ஒருவர் ரசீதை வாசிக்க, மற்றவர் பேரேட்டில் டிக் அடிப்பார். கன்னியப்பனுக்கு ஏரிக்கரையில் மாடு ஓட்டிய குரல். "மெதுவாப்பா! ஊர் கணக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்சி பூட்ச்சி" என்று கீழிருந்து ஓட்டல்காரர் கத்துவார். ஆனால் அவன் கண்ணுக்குத் தப்பு தப்பாது. என்னைவிடக் கெட்டிக்காரன். இதை அன்றே நான் அறிவேன்.

மூன்றாம் மாதம், இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியும், தீபாவளிக்குப் பிறகு சொல்கிறேன் என்றார் ஆடிட்டர்.

ஐப்பசியில் ஒரு பட்டுக் கடைக்குச் சரக்கு சரிபார்க்கப் போனோம். வெளியே அடைமழை. அவன் தராசில், நான் பதிவேட்டில். கச்சாப் பட்டு ஒவ்வொரு கட்டும் புத்தகத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக நின்றது.

"டேய், இன்னாடா இது? எல்லாமே ஜாஸ்தியா காட்டுது."

ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் குளிர்ந்தது. எங்கள் வீட்டில் தறி. ஒவ்வொரு மழைக்கும், பட்டை எடைபோட்டுக் கொடுக்கும் முதலாளியோடு அப்பா மல்லுக்கு நிற்பார்: "ஈரத்துக்குக் கழிச்சிக் குடுங்க. வெய்யில்ல நெய்ஞ்சி குடுக்கறப்ப எட கொறஞ்சா நான் எங்க போவேன்?" அதைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

"தராசு காட்றத எழுது. நமக்கு வேற இன்னா தெரியும்?" என்றேன்.

அவன் எழுதினான். கணக்கில் காட்டாத பட்டு இருக்கிறது என்று தன் அழகான கையெழுத்தில் குறிப்பும் போட்டு, கையொப்பம் இட்டான்.

மறுநாள் கடை முதலாளி குடைகூட மடக்காமல் மாடியேறி வந்தார். "இன்னா சார், நான் சரக்க ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கேன்னு எழுதிக்கினு வந்துக்கிறாங்க! மழைல பட்டு ஈரம் இழுக்கும்னு கூட தெரியாத ஆளுங்கள அனுப்பறீங்களே!"

ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார். "நீ நெசவு வீட்டுப் பிள்ளைதானே? உனக்குமா தெரியாது?"

"தெரியாது சார். எங்கப்பா என்னைத் தறியாண்டயே வுட மாட்டாரு."

கன்னியப்பன் முந்திக்கொண்டு, "எழுதனது நான்தான் சார். அவன் புக்குதான் பாத்துக்கினு இருந்தான்" என்றான்.

அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். மில்லில் அதற்குள் வேறு ஆள் சேர்ந்திருந்தார். அவன் தென்னேரிக்குப் போய் ஏர் பிடித்தான். நான் அந்த ஆபீசிலேயே தலை நரைத்தேன்.

பல வருடம் கழித்து வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் "இன்னாபா ஆடிட்டரே!" என்று பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். டீ வாங்கிக் கொடுத்தான். "நான் ஏரிக்காரன், எனக்குத் தெரியல. உனக்கும் தெரியாம பூட்ச்சி, பாவம். வுடு, ரெண்டு பேர்ல ஒருத்தனாவது நின்னமே" என்றான். நான் டீயைக் குடித்தேன்.

ஆடிட்டர் காலமாகிவிட்டார். மாடியில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிறார்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடிக்கும் ஆபீஸ் இன்று எங்குமே இல்லை. தறியடியில் வளர்ந்தவனுக்குப் பட்டு ஈரம் குடிப்பது தெரியாது என்றால் காஞ்சிபுரத்தில் பள்ளிப் பிள்ளைகூடச் சிரிக்கும். அதை நம்பிய ஒரே ஆள் கன்னியப்பன். போன தை மாதம் அவனும் போய்விட்டான்.