ஒற்றைக்கால் ஷூவின் படம்

மாதிரி கேட்பதானால் எழுத்தில் கேட்க வேண்டும். ஏற்காத மாதிரியைப் பதினைந்து நாளுக்குள் காரணத்தோடு திருப்பித் தர வேண்டும். முடிவு சொல்லும்வரை அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. இவை நான் இயற்றிய விதிகள் அல்ல. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியின் கொள்முதல் பிரிவில் தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். உட்காரச் சொன்ன முக்கால் மணி நேரத்தில் நான் அதை முழுவதும் படித்தேன். அங்கே சம்பளம் வாங்கிய யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அது தொண்ணூறுகளின் பிற்பாதி. அரசுத் தணிக்கை அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடம் அடுத்தவர் கோப்புகளில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, விருப்ப ஓய்வில் வேலூருக்கு வந்திருந்தேன். கையில் ஒரு காமிராவும், காமிராவைவிட நல்ல லென்ஸும் இருந்தன. கல்யாண மேடையில் நின்று சிரிக்கச் சொல்லிக் கெஞ்ச எனக்கு வராது. பொருட்களை எடுக்கப் பிடிக்கும். அவை நடுவில் கண்ணை மூடுவதில்லை. அந்தக் கம்பெனியில் வெளிநாட்டு பிராண்டு ஒன்றுக்கு ஷூ தைத்தார்கள். கேட்டலாக் படங்களையும் இங்கேயே எடுத்து அனுப்பச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த வேலை எனக்கு வேண்டும், அடியில் என் பெயர் இருக்க வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஏறிப் போனேன்.

கொள்முதல் அதிகாரிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. குண்டூசியால் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"கடை எங்க சார் வச்சிகிறீங்க?"

"கடை கெடையாது. வீட்லயே எடுக்கறேன்."

"வேலூர் லாங் பஜார்ல போயி உங்க பேரைச் சொன்னா ஒரு ஆளுக்காவது தெரியுமா?"

"தெரியாது. படத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"படம் இன்னா சார் படம். பேரு வேணும். அங்க ஒரு ஸ்டூடியோக்காரர் இருக்காரு, மந்திரி வூட்டுக் கல்யாணமே அவருதான் எடுத்தாரு." குண்டூசியைச் சட்டைக் கையில் துடைத்து, மேஜைமேல் இருந்த கோப்பில் திரும்பக் குத்தினார். "செரி, வந்துட்டீங்க. ஒரு சாம்பிள் எடுத்தாங்க. ஃப்ரீயாத்தான். நெகட்டிவோட குடுத்துடுங்க."

"எழுத்துல குடுங்க, எடுத்துத் தரேன்."

"இது கவர்மெண்ட் ஆபீஸ் இல்ல சார்."

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஷூவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரே ஒரு ஷூ, வலது கால். மாதிரிக்கு ஒற்றைக் காலைத்தான் தைப்பார்கள். கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் இருக்கும் நாக்குத் தோலில் ஒரு சின்னப் பறவை. அதுதான் அந்த பிராண்டின் முத்திரை. எந்தக் காலானாலும் பறவை வலப்பக்கம்தான் பார்க்கும் என்று அதிகாரி சொல்லித்தான் கொடுத்தார்.

ஜன்னலில் வெள்ளை வேட்டி கட்டி, வெயிலை மட்டுப்படுத்தி, இரண்டு நாளில் ஆறு படங்கள் எடுத்தேன். பளபளப்பான தோலில் எடுப்பவன் மூக்குகூடத் தெரியும். அது தெரியாமல் எடுப்பதுதான் வேலை. ஆறில் சிறந்ததன் பிரிண்டையும் நெகட்டிவையும் கடிதம் வைத்துக் கொடுத்து, நகலில் அதிகாரியின் கையெழுத்து வாங்கினேன். அவர் நெகட்டிவின் நடுவில் கட்டைவிரலை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மதியம் சாப்பிட்ட எண்ணெய் அதில் ரேகையோடு ஒட்டிக்கொண்டது.

பதினைந்து நாள் போயிற்று. முதல் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன், பிறகு இரண்டாவது, மூன்றாவது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த என் மனைவி, "ஆபீஸை விட்டுட்டு வந்தீங்க, ரிமைண்டரை மட்டும் வுடலையா?" என்று கேட்டாள்.

நான்காம் மாதம் கம்பெனி கார் எங்கள் தெருவுக்கு வந்தது. இறங்கிய அதிகாரியின் கையில் கேட்டலாக் இருந்தது. அட்டையில் ஒரு ஜோடி ஷூ. வலது கால் நான் எடுத்தது. இடது காலும் நான் எடுத்ததுதான். பிராண்டுக்காரர்கள் ஜோடியாகப் படம் கேட்டிருக்கிறார்கள். அதிகாரி என் நெகட்டிவைத் தூக்கி லாங் பஜார் ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் அதை ஒரு பிரிண்ட் நேராகவும் ஒரு பிரிண்ட் புரட்டியும் போட்டு, வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். இடது கால் கச்சிதமாக அமைந்துவிட்டது. பறவைதான் திரும்பிக்கொண்டது. இரண்டு பறவைகளும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையுமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

இடப்பக்கம் பார்க்கும் பறவை போலிச் சரக்கின் அடையாளமாம். எங்கள் பெயரில் கள்ள ஷூவும் தைக்கிறீர்களா என்று பிராண்டின் தலைமை அலுவலகம் கேட்டிருந்தது.

"உங்க நெகட்டிவ்ல பறவை தப்பா இருக்குது சார்."

"என் நெகட்டிவா? அடியில ஸ்டூடியோ பேருல்ல போட்டிருக்கு?"

"படம் அவருது சார். தப்பு உங்களுது."

சிரிக்காமல்தான் சொன்னார். அப்படியே எழுதி பிராண்டுக்கும் அனுப்பியிருந்தார். நகலைக் காட்டினார். தகுதியில்லாத உள்ளூர் நபர் ஒருவர் என்று தொடங்கி, என் பெயர் இனிஷியலோடு, முகவரியோடு இருந்தது. நான்கு மாதமாக அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நினைவு வராத பெயர்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். உரிமையாளர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினார்.

"அண்ணே, கம்பெனிக்காரன் குடுத்தான், நான் போட்டேன். ஒரு போட்டோவுக்குப் போயி இவ்ளோ பேஜாரா?"

"என் படத்துக்கு உங்க பேரு எப்படி வரும்?"

"உங்க பேரைப் போட்டா யாருண்ணே பாப்பான்? என் பேரு போட்டதாலதான் உங்க படம் ஃபாரின் வரைக்கும் போச்சு. டீ ஆறுது பாருங்க."

அவரிடம் துளி விரோதமும் இல்லை. டீயைத் தொடாமல் வந்தேன்.

அன்றே பிராண்டின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு பக்கம், ஏழு பத்தி, நான்கு இணைப்பு. என்னிடம் இருந்த மற்ற ஐந்து நெகட்டிவ்களின் பிரிண்டுகளை ஓரத்தோடு வைத்தேன். ஃபிலிம் ஓரத்து எண்கள் நேராக இருக்கும்போது பறவையும் வலப்பக்கம் பார்ப்பதைக் குறிப்பிட்டேன். அதிகாரியின் கையெழுத்துள்ள நகலைச் சேர்த்தேன். கோரிக்கை இரண்டு. பிழை என்னுடையதல்ல என்று பதிவு செய்ய வேண்டும். அடுத்த பருவத்துப் படங்களை, இன்ன கூலிக்கு, என் பெயர் அச்சிட்டு, எனக்குத் தர வேண்டும். ஆடி மாதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதன்பின் தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிளுக்காக வாசலைப் பார்த்தேன். என் மேஜையில் பதில் போடாமல் எத்தனை கோப்புகளை நானே அடியில் தள்ளியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எண்ணவில்லை.

பதில் ஒரே பக்கம். என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பருவத்தின் பதினெட்டு ஷூக்களையும் நானே எடுக்கலாம், கேட்ட கூலிக்குச் சம்மதம். பெயர் விஷயத்தில், இனி எந்தக் கேட்டலாக்கிலும் படம் எடுத்தவர் பெயரை அச்சிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம். அந்த முடிவுக்குக் காரணம் என் கடிதம்தான் என்று நன்றியும் சொல்லியிருந்தார்கள். ஷூக்களைப் பெற்றுக்கொள்ளத் தொடர்பு கொள்ள வேண்டியவர், அதே கொள்முதல் அதிகாரி. வாய் கசக்க, சம்மதம் என்று எழுதிப் போட்டேன்.

அவர்கள் கடிதத்தில் இருந்த தேதி ஏழு வாரம் பழையது. அதைக் கம்பெனி முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஏழு வாரமும் அது அந்த அதிகாரியின் மேஜையில் கிடந்திருக்கிறது. மூலையில் குண்டூசித் துளை இருந்தது. என் கைக்கு அது வந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை.