நடுவில் தெரிந்த காலண்டர்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் குன்றத்தூரில் பல்லாவரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். துணிப்பையில் ஒரு டவல், டவலுக்குள் கேமரா, பக்கத்தில் அதற்குப் போடும் நாலு புது பென்சில் செல். பம்மலுக்கு டிக்கெட் நாலு ரூபாய், தூரம் ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடம்பாக்கத்தில் என் அக்கா லில்லியும் அத்தானும் இருக்கிறார்கள். அத்தானுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை இருதய ஆபரேஷன். அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. போன மாதம் அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். என் மகன் 2008-இல் புது கேமரா வாங்கியபோது பழைய டிஜிட்டல் கேமராவை எனக்குக் கொடுத்திருந்தான். அதில் எடுத்தேன். பிரிண்ட் போட்டு வந்த படத்தில் அக்காவும் அத்தானும் புகைக்குள் நிற்பது மாதிரி இருந்தார்கள். பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர் மட்டும் தேதி, கிழமை எல்லாம் படிக்கிற மாதிரி இருந்தது. அக்கா அதை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

ஒன்பது மணிக்குப் பம்மலில் இறங்கினேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கரீம் பாயின் ஸ்டுடியோ. படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அப்போதுதான் கதவைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது ரொம்பப் பழசாச்சே. இன்னும் உயிரோட இருக்குதா?"

மேசைமேல் மூன்று காலி பிலிம் டப்பாக்களை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் சாய்வாக வைத்தார். நடு டப்பாவைக் குறி வைத்து எடுத்தார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். நடு டப்பா மங்கல். பின்னால் இருந்த டப்பாதான் தெளிவு.

"பாத்தியாம்மா? உன் மேல தப்பு இல்ல. இதோட கண்ணு ஒரு சாண் பின்னாடி போவுது. ரிப்பேர் பண்ண சாமான் கெடைக்காது. அப்புறம், ரெண்டு பேர் தள்ளித் தள்ளி நின்னா நடுவுல இருக்கிற சந்து வழியா நேரா செவுத்துக்குப் போயிடும்."

"அவங்க தள்ளித்தான் நிப்பாங்க" என்றேன்.

"சேந்து நிக்கச் சொல்லு."

நான் டவலை மடிக்க ஆரம்பித்தேன். அத்தானிடம் நான் வாய்விட்டு நாலு வார்த்தை பேசியதில்லை. என் எதிரில் அவர் அக்கா பக்கத்தில்கூட உட்காரமாட்டார். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சரி, உக்கார வை. மடியில இருக்கிற கையைப் பாரு. கை முகத்துக்கு ஒரு சாண் முன்னாடி இருக்கும்ல? பட்டனைப் பாதி அமுக்கு. பச்சை விளக்கு வந்ததும் வெரலை எடுக்காம முகத்துக்குத் தூக்கி, மிச்சத்தை அமுக்கு. உடனே பெருசாக்கிக் கண்ணைப் பாரு. சின்னப் படத்தை நம்பாத, அதுல எல்லாமே நல்லாத்தான் தெரியும்."

இதற்கு அவர் காசு வாங்கவில்லை.

பல்லாவரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய். பத்து மணி ரயிலில் தாம்பரத்துக்கு நாலு ரூபாய். குரோம்பேட்டை, சானடோரியம் இரண்டும் தாண்டினால் தாம்பரம். வழியெல்லாம் செல்லைக் கழற்றிவிட்டுக் கேமராவை மடியில் வைத்துப் பட்டனைப் பாதி அமுக்கிப் பழகினேன். எதிரே இருந்த பூக்காரம்மா, "இன்னா அது, ரேடியோவா?" என்று கேட்டாள். "இல்ல, சும்மா" என்று சொல்லிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தாம்பரம் கிழக்கில் இறங்கி, மாடம்பாக்கத்துக்கு மறுபடியும் ஷேர் ஆட்டோ. எட்டு ரூபாய். பழைய சிவன் கோயில் மதிலைத் தாண்டி மூன்றாவது தெருவில் அக்கா வீடு. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். அந்தச் சட்டையை ஞாயிறு தவிர வேறு நாளில் நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டதும் இரண்டு நாற்காலி போட்டாள் அக்கா. உட்கார்ந்தார்கள். நாற்காலிக்கு நடுவே ஓர் ஆள் நடந்து போகலாம். நான் அக்காவின் கையைக் குறிவைத்துப் பட்டனைப் பாதி அமுக்கினேன். கேமராவின் முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அது வெளிச்சம் போதாதபோது தானாக எரிவது. அக்காவுக்கு அது தெரியாது. படம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிட்டாள்.

"அதுக்குள்ளவா? நல்லா வந்துச்சா ரோஸி?"

"இன்னும் இல்லக்கா."

அத்தான், "மறுபடி உக்காரு, அவசரக்காரி" என்றார். அக்கா உட்கார்ந்தாள். நானும் அவசரப்பட்டுவிட்டேன். பாதியும் இல்லை, பச்சையும் இல்லை, ஒரேயடியாக அமுக்கிவிட்டேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைத் தேட எனக்குக் கூச்சமாக இருந்தது. "வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோ ஓடும்போது பையைத் திறந்து, பாய் சொன்னபடி பெரிதாக்கினேன். அக்கா முகம் மங்கல். அத்தான் முகமும் மங்கல். இரண்டுக்கும் நடுவில் காலண்டர், சனிக்கிழமை என்று பளிச்சென்று.

தாம்பரத்துக்குப் பாதி வழியில், கேம்ப் ரோட்டில், "இங்க நிறுத்துங்க" என்றேன்.

"தாம்பரம்னு தானே ஏறின?" என்றார் டிரைவர். "இன்னாம்மா, வூட்ல எதாச்சும் மறந்துட்டியா? கண்ணாடியா?"

"ஆமாம்" என்றேன். முழு எட்டு ரூபாயும் கொடுத்தேன்.

எதிர்ப்பக்கம் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். குன்றத்தூருக்கே போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. செவ்வாய்க்கிழமையை நினைத்ததும் வந்த ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்த அக்கா பயந்துவிட்டாள். "என்னடி, என்ன ஆச்சு?"

"படம் கெட்டுப்போச்சுக்கா. தப்பு என்னோடதுதான்."

அத்தான் பனியனோடு படுத்திருந்தார். எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டினார். நான் நாற்காலிகளைத் தொடவில்லை. வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஓரம் இருந்த கட்டிலைக் காட்டினேன். பிறகு என் குரலிலேயே, ஆனால் எனக்கே தெரியாத குரலில் சொன்னேன்.

"அத்தான், அக்காகூடச் சேர்ந்து உக்காருங்க. நடுவுல சந்து இருந்தா இது செவுத்தைப் பாக்குது."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தான் கொஞ்சம் நகர்ந்தார்.

"இன்னும்" என்றேன்.

"ஐம்பது வருஷமா உன் தங்கச்சி வாயே திறந்ததில்ல" என்றார் அக்காவிடம். "இப்ப பாரு, அதிகாரத்தை." ஆனால் தோள் படும்வரை நகர்ந்தார்.

"நான் சொல்றவரைக்கும் ரெண்டு பேரும் ஆடக்கூடாது. ஆரஞ்சு வந்தாலும் ஆடக்கூடாது."

மடியில் இருந்த கைகளுக்குக் கேமராவை இறக்கினேன். பாதி அமுக்கினேன். பச்சை வந்தது. விரலை எடுக்காமல் முகங்களுக்குத் தூக்கி, மிச்சத்தை அமுக்கினேன். அவர்கள் எதிரிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தானின் புருவத்தில் நரைத்த முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அக்காவின் மூக்குத்திக் குழியும் தெரிந்தது. காலண்டரே இல்லை.

திரும்பும்போது ஐந்தேகால் ரயில். தாம்பரத்தில் காலிப் பெட்டியில் ஏறினேன். வந்த வழியேதான் போனேன். காலையில் பயந்துகொண்டே பார்த்த ஸ்டேஷன்களை, இப்போது நிதானமாகப் பார்க்க முடிந்தது. குன்றத்தூரில் இறங்கியபோது மலைக்கோயிலில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தான் இப்போது தெருமுனை வரை நடக்கிறார். படத்தைப் பாய் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். அக்கா காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டியிருக்கிறாள். பார்க்கிறவர்கள் முகம் இரண்டும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். கைகள் மட்டும் கொஞ்சம் மங்கல்தான். யார் கை மேல் யார் கை இருக்கிறது என்று படத்தில் தெரியாது. அதைக் குறிவைத்தவள் நான். எனக்குத் தெரியும்.