இரண்டு தாளில் ஒரு சிரிப்பு

கொமாக்கியோவில் வாய்க்கால் கரையில் சலவைக்கடை வைத்திருந்த அர்மீதாவுக்குப் பழைய சினிமாப் போஸ்டர் என்றால் உயிர். கிழிந்தது, கறை பிடித்தது, எலி கடித்தது, எது கிடைத்தாலும் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவாள். துணி துவைத்த கைதானே, ஈரத்தாளை எங்கே பிடித்தால் தாங்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பழைய பசையைக் கரைப்பாள். கோதுமைப் பசை தடவிக் காடாத்துணியில் ஒட்டுவாள். ஓட்டையில் தாள்கூழ் வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் வண்ணம் தொடுவாள். மூக்கில்லாத முகம் வந்தால் மூக்கு வரையமாட்டாள். "எனக்குத் தெரியாத மூக்கை நான் எப்படி வைக்கிறது?" என்பாள்.

புருஷன் செஸ்தோ விலாங்குமீன் பிடிப்பவன். கொடியில் காயும் நடிகைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து போவான். "வீடு நிறைய அழகிங்க. ஒரு கிண்ணம் சூப் ஊத்த ஒருத்தி இல்ல!"

அந்தப் பக்கமெல்லாம் பெரிய போஸ்டரை இரண்டு தாளில் அச்சடிப்பார்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. சுவரில் ஒட்டும்போது ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் விரல் அகலம் ஏறும். லூகோ சந்தையில் ஒரு பழைய அலமாரியின் இழுப்பறையில் அர்மீதாவுக்கு ஒரு கீழ்த்தாள் கிடைத்தது. அலமாரியை விலைக்கு வாங்கி, தாளை உருவிக்கொண்டு, அலமாரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். கடைக்காரன் தெருமுனை வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தான்.

தாளில் கழுதையின் நாலு கால், ஒரு சிவப்புப் பாவாடை, சேற்றில் மல்லாந்து கிடக்கும் ஒருவன், அடியில் 'சேற்றில் ஒரு ஞாயிறு' என்று படத்தின் பெயர். மேல்தாள் லூகோவில் முடிதிருத்தும் அந்தேயோவிடம் இருந்தது. பாவாடைக்காரியின் முகம் அவன் கடைக் கண்ணாடிக்கு மேலே சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டையும் சேர்த்து ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்பதுதான் அர்மீதாவின் ஆசை. அவன் விற்கமாட்டான். இவளும் விற்கமாட்டாள்.

"என்னம்மா அர்மீதா, இன்னும் கழுதைக் காலைத்தான் பார்த்துக்கிட்டிருக்கியா? எங்கிட்ட முகமே இருக்கு."

"இருக்கட்டும்யா. அது எந்தப் படத்து முகம்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவ? பேரு எங்கிட்டல்ல இருக்கு!"

சந்தைக்குச் சந்தை இதே பேச்சு. ரெண்டையும் போனில் படம் பிடித்துச் சேர்த்துப் பாரேன் என்று செஸ்தோ சொன்னான். "தாளைப் பார்க்கணும்னா தாளைத்தான் பார்க்கணும்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

ஒரு குளிர்காலத்தில் அந்தேயோவின் கடைக்கு மேலே குழாய் வெடித்தது. சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கி, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. முடிவெட்டும்போது போர்த்துகிற துணியில் அதைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். சலவைக்கடை வாசலில் நின்றான், வாயில் நக்கல் இல்லை.

"நீ எதும் பிரிச்சுப் பார்த்தியா?"

"ஒரு மூலையை மட்டும்..."

"கைய வச்சுட்டியா, பாவி!" கழுதையின் ஒரு காது தாளைவிட்டுப் பிய்ந்து கண்ணாடியிலேயே நின்றிருந்தது.

செஸ்தோ அவளை உள்ளே கூப்பிட்டான். "கெட்டுப்போச்சுன்னா பழி உன்மேலதான் விழும். திருப்பி அனுப்பிடு."

"கெட்டுப்போச்சுன்னா எனக்குக் காலுங்கதான் மிஞ்சும். தள்ளு" என்று அவனை விலக்கிக்கொண்டு வந்தாள்.

கம்பளி ஊறவைக்கும் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியோடு தாளை இறக்கினாள். அந்தேயோ தொட்டியைச் சுற்றிச்சுற்றி வந்தான்.

"லேசா இழுத்துப் பார்க்கலாமா?"

"உன் காதை வேணா இழுக்கறேன். உட்காரு."

தண்ணீர் ஆறஆற மாற்றினாள். பொழுது சாயும்போது தாளின் ஓரம் தானாகக் கிளம்பியது. சரிகைத்துணி அலசும் வலையை அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். முகம் முழுசாக வந்தது. பின்னாலேயே மிதந்த காதையும் தூரிகை நுனியால் எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அந்தேயோ மூக்கைச் சிந்திக்கொண்டான்.

காய்ந்ததும் இரண்டு தாளையும் மேசையில் சேர்த்துவைத்தாள். பாவாடைக்காரியின் பார்வை நேராகச் சேற்றில் கிடந்தவன்மேல் போய் விழுந்தது. முதலில் சிரித்தது செஸ்தோதான்.

"இவ்வளவு காலமா என் வாடிக்கைக்காரங்களைப் பார்த்துல்ல சிரிக்கிறாள்னு நினைச்சேன்" என்றான் அந்தேயோ.

"நீ வெட்டிவிட்ட லட்சணத்துக்கு அவங்களையும் பார்த்துத்தான் சிரிச்சிருப்பா."

அடுத்த சண்டை உடனே வந்தது. எந்த ஓரம் மேலே ஏறுவது?

"முகம் இருக்கறது என்னுது. என்னுதுதான் மேல."

"பேரில்லாத முகம். என்னுதுதான் மேல."

ஒரு ஜாடி ஒயின் காலியாகும்வரை இரண்டு பேரும் இறங்கிவரவில்லை. கடைசியில் அர்மீதா திடீரென்று, "சரி, உன்னுதே மேல இருக்கட்டும்" என்றாள்.

"ஏன்?" அந்தேயோவுக்குச் சந்தேகம்.

"அடியில போற ஓரத்துல வெளிச்சம் படாது. உன்னுது வெளுத்தாலும் என்னுது அங்க வெளுக்காது."

"அப்படின்னா உன்னுதை மேல வை!"

"நீதானய்யா கேட்ட." பசைத் தூரிகை ஏற்கெனவே தாளில் இறங்கியிருந்தது.

ஒட்டி நிமிர்த்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்த உயரம் அவன் கடைச் சுவரில் கொள்ளாது. சலவைக்கடைச் சுவர் ஒன்றுதான் தாங்கும். அங்கேதான் மாட்டினாள்.

திங்கட்கிழமை முடிதிருத்தும் கடைகளுக்கு விடுமுறை. அந்தேயோ கத்தரிக்கோலோடு பஸ் ஏறி வந்துவிடுவான். போஸ்டருக்குக் கீழே செஸ்தோவை உட்காரவைத்து முடி வெட்டுவான், அர்மீதா விலாங்கு சுட்டுக் கொடுப்பாள்.

"இன்னும் கொஞ்சம் மேல மாட்டியிருக்கலாம்மா."

"ஏணி அங்க இருக்கு. வெட்டற வேலையைப் பாரு, காது போயிடப்போகுது."