துன்னு என்றொரு கட்டளை

இருபுறமும் துளை போட்ட அந்த நீளமான புரோகிராம் அச்சுத்தாளின் நடுவில் TUNNU என்று இருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் திருப்பதியில் ஒரு காசநோய் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரே ஃபைலில் இருந்தது. மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்களின் பெயர்களை அதிலிருந்து எடுத்துத்தான் வடமாலபேட்டை, விஜயபுரம் என்று ஊர் ஊராக ஆள் அனுப்பித் தேடுவோம். புரோகிராமை எழுதிய எங்கள் சித்தூர்ப் பக்கத்துக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். ஃபைல் திறக்கவே யுகமாகிறது என்று மெட்ராஸிலிருந்து ஓர் என்ஜினியரை வரவழைத்தார்கள்.

"TUN என்றால் டியூன், NU என்றால் நியூ. இதை ஓட்டினா ஃபைல் வேகமாயிடும்" என்றார் அவர். மேனுவலில் அப்படியொரு சொல்லே இல்லை என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. என்னுடன் டைப் செய்த சித்தூர் அக்கா, வந்த அன்றே அவரிடம் "துன்னுட்டீங்களா சார்?" என்று அன்பாகக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தவர் அவர். நானும் சித்தூர்தான், அக்காவும் நானும் ஒரே சர்ச் சபை. ஆனால் நான் வீட்டில்தான் துன்னுவேன், அலுவலகத்தில் கவனமாகச் சாப்பிடுவேன்.

அக்கா எழுந்து கீபோர்டின் மேல் கையை வைத்தார்.

"டியூனும் இல்ல, நியூவும் இல்ல சார். துன்னுன்னு எய்திக்கீறாரு. ரெகார்டெல்லாம் துன்னுடும். மொதல்ல காப்பி எடுங்க."

"அது துன்னு இல்ல, தின்னும்மா. கம்ப்யூட்டருக்கு உங்க ஊர் பாஷையெல்லாம் தெரியாது."

"எய்தினவருக்குத் தெரியுமே! காப்பி எடுக்காம கைய எடுக்க மாட்டன். வேலை போனாலும் போவட்டும்."

என்ஜினியர் முணுமுணுத்துக்கொண்டே ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் ஓட்டிப் பார்த்தார். வேகம் வந்தது வாஸ்தவம்தான். ஆறு மாதமாக வராதவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் மிஞ்சவில்லை. நாங்கள் தேட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவராவது தெரியாமல் செய்தார். நான் தெரிந்தே சும்மா இருந்தேன். ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு அத்தனை பேரைக் கைவிடப் பார்த்தேன். இப்போது என் பேச்சை யாராவது திருத்த வந்தால் விடுவதில்லை.

அன்று மதியம் கட்டளையின் பெயரை DELETE என்று மாற்றச் சொன்னார் என்ஜினியர். அக்கா முடியாது என்றார். என்ஜினியர் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க, இதெல்லாம் தமிழா?" என்றார்.

"எங்க தமிழு சார்" என்றேன். "நாங்க துன்னப் போறோம். நீங்களும் வாங்க."