வெள்ளையாக வந்த பத்தி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஏலப்பாறை உபதேசியார் சூசையப்பன் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னது இது. 1917, ஆடி மாதம். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு செபம் முடிந்ததும் எஸ்டேட் சனங்களுக்கு அவர்தான் கோயிலில் பேப்பர் வாசிப்பார். கம்பம் ஊரிலிருந்து மலையேறி வருவதற்குள் அது பத்து நாள் பழசாகிவிடும். ஆனாலும் மெசபடோமியாப் பாலைவனத்திலிருந்து 'நமது யுத்த நிருபர்' எழுதும் கடிதத்துக்காக, கூலிகள் குடியிருந்த லயமே கூடிவிடும். ஆறு பேர் அங்கே பட்டாளத்துக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார்கள். மதலேனம்மாளின் மூத்த மகன் மிக்கேல் அதில் ஒருவன்.

யுத்த ரகசியம் என்று அந்தக் கடிதத்தில் சர்க்கார் வெட்டிய இடம் வெள்ளையாகவே அச்சாகி வரும். வெள்ளையை என்னவென்று வாசிப்பது? மதலேனம்மாளின் முகத்தைப் பார்த்தால் உபதேசியாருக்கு மனசு கேட்காது. "நம்ம ஆளுக எல்லாரும் சௌக்கியம்" என்று நிருபரே எழுதியதுபோல வாசித்துவிடுவார். பாவம், நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சௌக்கியத்தை நம்பி அவளுடைய இளைய மகனும் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்துவிட்டான். அந்த ஞாயிறு கழிந்தால் மறுநாள் காலையில் அவன் கிளம்ப வேண்டும்.

சாயங்காலம் மணி நாலு பத்து. மூடுபனி கோயிலுக்குள் வந்துவிட்டது. உபதேசியார் வெள்ளைப் பத்திக்கு வந்தார்.

"நம்ம ஆளுக எல்லாரும்..."

சரக்...

பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிக் கோட்டு. கையில் பென்சில். வெளியே அடைமழை. அவர் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அதை நான் எழுதலை" என்றார் அவர்.

யாரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

சரக்... சரக்...

அவர் கை அசையவில்லை. சத்தம் பேப்பரிலிருந்து வந்தது.

உபதேசியார் குனிந்து பார்த்தார். வெள்ளையில் எழுத்து ஊறிக்கொண்டிருந்தது. 'மாண்டவர்கள்' என்று ஒரே வரி, ஆறு பெயர்கள்.

நாலாவது... மிக்கேல்.

"ஏன் நிறுத்திட்டீக உபதேசியாரே? எம்புள்ளைக்கு என்ன?" மதலேனம்மாள் எழுந்துவிட்டாள்.

"வாசி" என்றார் பின்வரிசைக்காரர்.

வாசித்தார். அழுதுகொண்டே, ஆறு பெயரையும்.

மதலேனம்மாள் இளையவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "நீ போகாதடா... நீயாச்சும் இருடா." அவன் போகவில்லை.

நிமிர்ந்தபோது பின்வரிசை காலி. பெஞ்சில் ஒரு பிடி மணல். ஆடி மழையில், காய்ந்த மணல். தொட்டால் சுட்டது. பேப்பரில் பத்தி பழையபடி வெள்ளை.

புரட்டாசியில் சர்க்கார் கடுதாசி வந்தது. ஆறு பெயர். அதே வரிசை.

அதே வாரப் பேப்பரில் கறுப்புக் கட்டம் கட்டி அந்த யுத்த நிருபரைப் பற்றி ஒரு செய்தி. முன்பெல்லாம் நிருபர்கள் மேட்டில் நின்று சண்டையைப் பார்த்து எழுதுவார்களாம். இவர் சிப்பாய்களோடு குழிக்குள் இறங்கினாராம். குண்டு பட்டு இறந்துவிட்டார். சித்திரை மாதமே.

சித்திரைக்குப் பிறகும் வாராவாரம் அவர் பெயரில் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளையில் ஊறிய அந்த ஒரே ஒரு வரி யாருடையது என்பது மட்டும் சூசையப்பனுக்குத் தெரியும்.