தம்பி வைத்த வெல்டிங்

எங்கள் குழாய் ஷெட்டில் அவருக்குப் பெயர் பெட்டிக்காரர். தோளில் தொங்கும் சின்னப் பெட்டிதான் காரணம். வெல்டிங் வைத்த இடத்தில் ஜெல் தடவி, பெட்டியோடு ஒயரில் இணைந்த, சோப்புக்கட்டி அளவுள்ள முனையை மெதுவாக நகர்த்துவார். காதுக்குக் கேட்காத ஒலி அதிலிருந்து பல கோணத்தில் இரும்புக்குள் போய்த் திரும்பும். உள்ளே இருப்பதெல்லாம் பெட்டித் திரையில் கலர் படமாக விழும். நீலமாக இருந்தால் வெல்டர் பிழைத்தான். சிவப்பு தெரிந்தால் பெட்டிக்காரர் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போடுவார்; தோண்டிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். இப்படிப்பட்ட மனுஷனோடு எந்த வெல்டர் உட்கார்ந்து சாப்பிடுவான்?

ஜெல் கொடுப்பது நான்தான், ஸ்டோர்காரி. அதனால் என்னிடம் நாலு வார்த்தை பேசுவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி அள்ளாதீங்க" என்பேன்.

அவருக்கென்று இருந்தது ஒரே தம்பி. அவனும் எங்கள் ஷெட்டிலேயே வெல்டர். மத்தியானம் இரண்டு பேரும் குழாய் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, அண்ணன் சமைத்துக் கொண்டுவந்ததைச் சாப்பிடுவார்கள். அப்போது மட்டும்தான் பெட்டிக்காரர் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் தம்பி வைத்த வெல்டிங்கில் சிவப்பு விழுந்தது. பெட்டிக்காரர் துடைத்தார். புதிதாக ஜெல் தடவினார். மறுபக்கமிருந்தும் பார்த்தார். சிவப்பு போகவே இல்லை. சாக்பீஸை எடுத்தார்.

"அண்ணே, குழாயோட உள்பக்க ஓரம் தூக்கிட்டு நிக்குது, ஒலி அதுல பட்டுத்தான் சிவப்பாக் காட்டுது. விட்டுடு."

"ஓரம் இல்லடா. உள்ள இரும்பு ஒட்டவே இல்ல."

"ஷெட்டே பாக்குது. என் மானத்த வாங்காத."

அவர் வட்டம் போட்டார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். வெல்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால், எல்லாரும் பார்க்க அவனே தோண்டுவான். பெட்டிக்காரர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தம்பி இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்தான். பாதி ஆழம் வரை ஒன்றும் இல்லை. "பாருங்கப்பா, எங்கண்ணன் லட்சணத்த!" என்று கத்தினான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டியதும் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு, ஒட்டாத இடம். தம்பி கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அடுத்த வாரமே வேறு ஷெட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை.

பெட்டிக்காரர் அதே குழாய் அடுக்குக்குப் பின்னால்தான் சாப்பிட்டார். கொஞ்ச நாள் இரண்டு பேருக்குச் சோறு கொண்டுவந்தார். கேட்டால் பழக்கதோஷம் என்றார்.

போன வாரம் தம்பி எனக்குப் போன் செய்தான். "அக்கா, நான் வெல்டிங் வச்ச குழாய் ஒண்ணு சோதனைக்கு அங்க வருது. அண்ணனையே பாக்கச் சொல்லு. வேற யாரும் தொட வேண்டாம்." அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கல்நெஞ்சக்காரன்.

குழாய் வந்தது. பெட்டிக்காரர் ஒரு சுற்றுப் பார்த்தார். முழுக்க நீலம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். மனுஷன் துடைத்துவிட்டு, ஜெல் தடவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஜெல் தீர்ந்து இன்னொரு டப்பா கேட்டார். திட்ட வாய் வரவில்லை, கொடுத்துவிட்டேன்.

"வைக்கையில அவனுக்குக் கை நடுங்கவே இல்லம்மா. நல்லா தூங்குறான் போல" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதை நீங்களே அவன்கிட்ட சொல்லுங்களேன். நான் போன் போட்டுத் தரேன்."

"குழாயத்தானே பாக்கச் சொன்னான்" என்றார். "சுத்தமா இருக்குன்னு மட்டும் நீ சொல்லிடு."

சொல்லிவிட்டு, மூன்றாவது தடவையாக ஜெல் தடவ ஆரம்பித்தார்.